ஊழியரைக் கேள்வி கேட்கலாமா?

மதிப்பிற்குரிய அம்மா,

நான் மார்த்தாண்டத்துக்கு அருகில் வசிக்கும் 51 வயதுப் பெண். நாகர்கோவிலில் பி.எட். படிக்கும் என் மகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். சண்டே ஸ்கூலில் மனப்பாட வசனத்துக்குப் பரிசு வாங்கிய பிள்ளை, இப்போது ஆராதனையில் நோட்டும் பென்சிலுமாக அமர்ந்து, பாஸ்டர் சொல்லும் வசனங்களின் எண்களைக் குறித்துக்கொள்கிறாள். வீட்டுக்கு வந்ததும், மதியச் சோறு ஆறினாலும் கவலைப்படாமல் அந்த அதிகாரங்களை முழுவதும் வாசித்துவிட்டு, "அம்மா, அவர் பாதியிலேயே நிறுத்திவிட்டார்" என்கிறாள்.

போன மாதம் பாஸ்டர், "நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும்" என்ற சங்கீதப் புத்தக வசனத்தைச் சொல்லி, ஊழியரை விசாரிப்பவர்கள் மேல் சாபம் வரும் என்று எச்சரித்தார். ஆராதனை முடிந்து பெண்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, அந்த வசனம் சபையாருக்கு அல்ல, ராஜாக்களுக்குச் சொன்னது என்று இவள் உரக்கச் சொல்லிவிட்டாள். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

ஊழியரைக் கேள்வி கேட்கலாமா? எங்கள் குடும்பத்துக்காக அவர் எத்தனை நாள் உபவாசம் இருந்து ஜெபித்திருக்கிறார்! இரண்டு ஆண்டுகளுக்கு முன் சிறுநீரகம் பழுதாகி என் கணவர் இறந்தபோது, டயாலிசிஸை நம்பியதும் என்னுடைய விசுவாசக் குறைவும்தான் காரணம் என்று அவர் சொன்னதைக்கூட நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் ஏற்றுக்கொண்டேன். இவளால் ஒரு பிரசங்கத்தை ஏற்றுக்கொள்ள முடியவில்லையா? இவள் வாசிப்பதும் என் கணவருடைய பழைய வேதாகமத்தைத்தான். அடையாளத்துக்கு அவர் வைத்திருந்த ஆஸ்பத்திரிச் சீட்டைக்கூட இன்னும் எடுக்காமல் வைத்திருக்கிறாள். அடுத்த ஆண்டு இவளுக்குச் சம்பந்தம் பேச வேண்டும். வாய்க்கொழுப்புள்ள பெண் என்று சபையில் பெயராகிவிட்டால் யார் வருவார்கள்? எல்லார் முன்னிலையிலும் என்னைத் தலைகுனிய வைத்தாளே என்பதுதான் ஆறவில்லை. இவளை எப்படித் திருத்துவது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதம் முழுவதும் மகளைப் பற்றியது. கணவரின் மரணம் ஒரே வாக்கியத்தில், அதுவும் மகளைக் குறை சொல்வதற்கு ஓர் உதாரணமாக வந்து போகிறது. நான் அந்த வாக்கியத்தைத் தாண்ட முடியாமல் நின்றுவிட்டேன்.

கணவரைப் பறிகொடுத்த பெண்ணிடம், உன் விசுவாசம் போதாததால்தான் அவர் இறந்தார் என்று சொல்வது, யார் சொன்னாலும் எத்தனை நாள் உபவாசம் இருந்து சொன்னாலும், கொடுமை. இதைப் பூசி மெழுக எனக்கு விருப்பமில்லை. நீங்கள் அதை ஏன் எதிர்க்கவில்லை என்பதும் எனக்குப் புரிகிறது. துக்கத்தில் இருக்கும் மனதுக்குக் காரணம் தெரியாத சாவைத் தாங்குவது மிகக் கடினம். "என்னால்தான்" என்று ஒரு காரணம் கிடைத்துவிட்டால், அது முள்ளாகக் குத்தினாலும் பற்றிக்கொள்ள ஏதோ ஒன்று இருப்பதுபோல் இருக்கும். அந்த முள்ளைத்தான் இரண்டு ஆண்டுகளாக நீங்கள் விசுவாசம் என்ற பெயரில் இறுகப் பிடித்திருக்கிறீர்கள்.

மகள் பென்சிலோடு அமரும்போது உங்களுக்கு வரும் கோபத்துக்குச் சபையார் பார்வை மட்டும் காரணமாக இருக்காது. ஒரு சங்கீதத்தில் பாஸ்டர் தவறியிருந்தால் உங்கள் கணவர் விஷயத்திலும் தவறியிருக்கலாம் அல்லவா? அந்தக் கதவைத் திறக்கத்தான் உங்களுக்குப் பயம்.

திறந்துதான் பாருங்களேன். 105-ஆம் சங்கீதத்தில் அந்த 15-ஆம் வசனத்துக்குச் சற்று முன்னிருந்து வாசியுங்கள். சொற்பப் பேராய், பரதேசிகளாய், தேசம்விட்டுத் தேசம் அலைந்த முற்பிதாக்களை ஒடுக்காதபடி கடவுள் ராஜாக்களைக் கடிந்துகொண்டார் என்று அங்கே இருக்கிறது. பலமற்றவர்களைக் காக்கச் சொன்ன வார்த்தையை, மேடையில் நிற்பவர் தமக்கு அரணாக்கிக்கொண்டார். உங்கள் மகள் அதைச் சொன்ன இடமும் தொனியும் தவறு. சொன்ன விஷயம் தவறில்லை.

பெரோயா பட்டணத்தாரையும் நினைத்துப் பாருங்கள். அவர்களுக்குப் பிரசங்கித்தவர் அப்போஸ்தலரான பவுல். அவர் சொன்னதையே அவர்கள், "காரியங்கள் இப்படியிருக்கிறதா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்துபார்த்ததினால்" நற்குணசாலிகளாயிருந்தார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 17-ஆம் அதிகாரம் சொல்கிறது. பவுலைச் சோதித்தவர்களை வேதம் வாய்க்கொழுப்புள்ளவர்கள் என்று சொல்லவில்லை. (தரங்கம்பாடியில் 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சடித்தார்களே, போதகர் மட்டும் வாசித்தால் போதும் என்றா அவ்வளவு பாடுபட்டார்கள்?)

அதே பவுல் தம் கடைசிக் காலத்தில் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்ததாகச் சொல்கிறார். அவனுடைய விசுவாசம் குறைவு என்றோ, தம்முடைய ஜெபம் போதவில்லை என்றோ ஒரு சொல் இல்லை. நண்பன் நோயாளியாக இருந்தான், அவ்வளவுதான். லூக்காவைப் "பிரியமான வைத்தியன்" என்று அழைத்தவரும் அவரே. உங்கள் ஊருக்குச் சற்றுத் தள்ளி நெய்யூரில் 1838-இலேயே மருத்துவ ஊழியத்தைத் தொடங்கியவர்கள் லண்டன் மிஷனைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள். உங்கள் கணவர் டயாலிசிஸ் படுக்கையில் படுத்ததில் எந்த அவிசுவாசமும் இல்லை. அவரை அங்கே அழைத்துப்போனதில் உங்கள் பாவமும் இல்லை.

இன்னொன்றையும் நீங்கள் யோசிக்கவில்லை என்று நினைக்கிறேன். அந்தப் பெண்ணும் தகப்பனை இழந்தவள். அம்மாவின் மேல் சுமத்தப்பட்ட பழி அவள் காதிலும் விழுந்திருக்கும். அவள் பாஸ்டரைக் குற்றவாளியாக்கத்தான் அதிகாரம் அதிகாரமாகத் தேடுகிறாளா, உங்களைக் குற்றத்திலிருந்து விடுவிக்கத் தேடுகிறாளா? கேட்டுப் பாருங்கள். சபைக்குப் போவதை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. வேதத்தைத் திறந்து பார்க்கத் துணியாத வீட்டில் அவளுக்குச் சம்பந்தம் அமையாமல் போனால், அதற்காக நான் கவலைப்படவும் மாட்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவள் வாசிக்க உட்காரும்போது நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். எதையும் விவாதிக்க வேண்டாம். அவர் அந்த ஆஸ்பத்திரிச் சீட்டை எந்தப் பக்கத்தில் வைத்திருந்தார் என்று மட்டும் கேட்டு, அந்தப் பக்கத்தை அவளை வாசிக்கச் சொல்லுங்கள்.