ஒரே நாள், இரண்டு தேதி

கேள்வி: முதல் நவீன ஒலிம்பிக் 1896 ஏப்ரல் 6-இல் தொடங்கியதாகப் படித்தேன். ‘கிரேக்க வரலாற்றில் மார்ச் 25’ என்ற பட்டியலிலும் அது இருக்கிறதே, எது சரி?

பதில்: இரண்டும் சரி. கிரேக்க அரசு 1923 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியைத்தான் பின்பற்றியது, இன்று நாம் பயன்படுத்தும் கிரெகோரியன் நாட்காட்டியை அல்ல. அந்த ஆண்டு பிப்ரவரி 15-க்கு மறுநாளே மார்ச் 1 என்று அறிவித்து 13 நாட்களைத் தாண்டினார்கள். ஆகவே அதற்கு முந்தைய எந்தத் தேதியைப் பார்த்தாலும், ‘எந்தக் கணக்கு?’ என்று முதலில் கேளுங்கள்.

ஜூலியன் தேதியைக் கிரெகோரியனுக்கு மாற்ற, 19-ஆம் நூற்றாண்டுத் தேதி என்றால் 12 நாள் கூட்ட வேண்டும். 1900 ஜூலியன் கணக்கில் லீப் ஆண்டு, கிரெகோரியனில் இல்லை. அதனால் அந்த ஆண்டு மார்ச் முதல் 13. பலர் சறுக்குவது இங்கேதான். 1896-க்கும் 13 கூட்டி ஏப்ரல் 7 என்று எழுதிவிடுகிறார்கள். கிழமையை வைத்துச் சரிபார்க்கலாம், அது எந்தக் கணக்கிலும் மாறாது. ஏதென்ஸ் போட்டி தொடங்கியது ஈஸ்டருக்கு மறுநாள், திங்கட்கிழமை. ஏப்ரல் 7 செவ்வாய்.

போட்டியைத் தொடங்க மார்ச் 25-ஐத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. இயேசு பிறப்பார் என்று வானதூதர் மரியாளுக்கு மங்கள வார்த்தை சொன்ன திருநாள் அது. 1821-இல் துருக்கியருக்கு எதிராகக் கிளம்பிய புரட்சியின் நினைவு நாளாக 1838-இல் ஓட்டோ மன்னரின் அரசு அதையே அறிவித்தது. உண்மையில் சண்டை அதற்கு முன்பே மூண்டுவிட்டது. கலமாட்டா நகரம் 23-ஆம் தேதியே புரட்சியாளர் கைக்கு வந்தது. அயா லாவ்ரா மடத்தில் பேராயர் யெர்மானோஸ் 25-இல் கொடி ஏற்றினார் என்பதை மரபுக்கதையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

1821-இன் அந்த நாள் புதுக் கணக்கில் ஏப்ரல் 6. ஆனாலும் விழாவை மார்ச் 25-இலேயே வைத்திருக்கிறார்கள். 1923-இல் திருச்சபை பழைய கணக்கிலேயே இருந்ததால், அரசின் 25-ம் திருச்சபையின் 25-ம் பிரிந்து நின்றன. 1924-இல் திருச்சபை மார்ச் 10-ஐ 23 ஆக்கியதும் இரண்டும் சேர்ந்தன. இரண்டே நாளில், அதே மார்ச் 25-இல், நாடாளுமன்றம் மன்னராட்சியை நீக்கிக் குடியரசை அறிவித்தது. இந்தத் தேதிக்கு எதையும் கூட்டக் கூடாது. 1941 ஏப்ரல் 6-இல் ஜெர்மனி கிரேக்கத்தின் மீது படையெடுத்ததும் அப்படியே.

கேள்வி: கான்ஸ்டான்டினோபிள் வீழ்ந்த 1453 மே 29-க்கும் நாள் கூட்ட வேண்டுமா?

பதில்: வேண்டாம். கிரெகோரியன் கணக்கு பிறந்ததே 1582-இல். அதற்கு முந்தைய தேதிகளை ஜூலியனிலேயே விடுவது வரலாற்றாசிரியர் வழக்கம். அன்று செவ்வாய்க்கிழமை, கிரேக்கர் பலர் இன்றும் செவ்வாயை ஆகாத நாளாகக் கருதுகிறார்கள்.