கல்யாணியில் ஒரு நன்றி

வணக்கம் சார்,

எனக்கு 52 வயது. பன்னிரண்டு வயதிலிருந்து வீணை வாசிக்கிறேன், பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்தேன். போன வருடம் மார்பகப் புற்றுநோய் வந்தது. ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து ஏழு மாதமாகிறது. பாக்லிடாக்ஸல் என்ற மருந்து கொடுத்தார்கள். அதிலிருந்து விரல் நுனிகள் மரத்துப்போய்விட்டன. தந்தி பட்டதா இல்லையா என்பதே காதால் கேட்டுத்தான் தெரிகிறது. ஒருநாள் கல்யாணி வர்ணம் இரண்டாம் காலம் வரை வருகிறது, மறுநாள் முதல் பாடமான சரளி வரிசையே தடுமாறுகிறது. பழையபடி வராதென்றால் வீணையை உறை போட்டு மூடிவிடலாமா என்று இருக்கிறது.

ஆர்., மயிலாடுதுறை

அன்புள்ள ஆர்.,

ஒருநாள் வருகிறது, மறுநாள் தடுமாறுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் எனக்கு பீத்தோவன் நினைவு வந்தது.

1825 ஏப்ரலில் அவர் வயிற்று நோயில் படுத்துவிட்டார். அப்போது வயது 54, காது போய்ப் பல வருடமாகியிருந்தது. ஓரளவு தேறியதும், முன்பே தொடங்கி வைத்திருந்த, நான்கு தந்தி வாத்தியங்களுக்கான ஒரு ஸ்டிரிங் குவார்ட்டெட்டுக்கு (ஓபஸ் 132) மூன்றாம் பகுதியை எழுதினார். ‘நோயிலிருந்து தேறியவன் தெய்வத்துக்குச் செலுத்தும் நன்றிப் பாடல், லிடியன் முறையில்’ என்று அவரே அதற்குத் தலைப்பு வைத்தார்.

லிடியன் என்பது மேற்கத்திய இசையின் பழைய ஸ்வர வரிசைகளில் ஒன்று, ஸ்வரங்களை எண்ணிப் பார்த்தால் நம் கல்யாணி ராகம்தான். அதே பிரதி மத்யமம். கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது, கிடையாது என்பதால் கேட்ட உடனே கல்யாணி என்று தோன்றாது, உங்களைப் போன்றவர்களுக்குச் சீக்கிரம் பிடிபட்டுவிடும். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ நான்கும் நீண்ட ஸ்வரங்களைப் பிடித்துக்கொண்டு மூச்சு விடுகிற மாதிரி நகர்கின்றன. அப்புறம் சுருதி மாறித் துள்ளலான ஒரு பகுதி வருகிறது. அதன் தலையில் ‘புதிய பலத்தை உணர்ந்தபடி’ என்று எழுதியிருக்கிறார். சரி, பலம் வந்துவிட்டது, இனி ஓட்டம்தான் என்று நினைக்கும்போது அந்த மெதுவான பாட்டே திரும்ப வருகிறது. மறுபடி பலம், மறுபடி மெதுவான பாட்டு. மூன்றாம் தடவை வரும்போது ‘மிக ஆழ்ந்த உணர்வோடு’ என்ற குறிப்பும் சேர்ந்துகொள்கிறது. கால் மணி நேரத்துக்கு மேல் நீளும் பகுதியை அவர் அங்கேதான் முடிக்கிறார், பலம் வந்த இடத்தில் அல்ல. படுத்து எழுந்தவருக்குத்தான் அப்படி எழுத வரும் என்று நான் நம்புகிறேன். உங்கள் தடுமாறும் நாளும் அந்தப் பாட்டில் இருக்கிறது.

கீத் ஜாரெட்டையும் சொல்ல வேண்டும். மேடையில் எந்த முன்தயாரிப்பும் இல்லாமல் ஒரு மணி நேரம் பியானோவில் கற்பனையாகவே வாசித்தவர். 1996இல் நாட்பட்ட களைப்பு நோய் வந்து வீட்டோடு முடங்கினார். பிறகு வீட்டிலேயே, உடம்பு இடம் கொடுத்தபோது கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய பாடல்களை அலங்காரம் இல்லாமல் வாசித்துப் பதிவு செய்து, மனைவிக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுத்தார். அவர் வாசித்ததில் நான் அதிகம் கேட்டது அதைத்தான். அவருக்கே 2018இல் இரண்டு முறை பக்கவாதம் வந்து இடக்கை போய்விட்டது. அதனால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று உங்களுக்கு எழுத எனக்கு மனம் வரவில்லை. கீமோவால் வரும் மரப்பு பலருக்கு மாதக்கணக்கில் மெல்லக் குறைகிறது, சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடுகிறது.

வர்ணத்தைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். தடுமாறுகிற நாளில் கல்யாணியின் காந்தாரத்தை மட்டும் ஒரு தரம் மீட்டி, அது முழுக்க அடங்கும்வரை கேளுங்கள். பிறகு அடுத்த ஸ்வரம். ஒன்று மட்டும் கவனம்: மரத்த விரலைத் தந்தி அறுத்தால் வலி தெரியாது. இத்தனை மாத இடைவெளியில் பழைய காய்ப்பும் போயிருக்கும். வாசித்து முடித்ததும் இடது கை விரல் நுனிகளை வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வீணை உறையில்லாமலே இருக்கட்டும்.