22 வயது மிக் ஜாகரோடு போட்டி

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் இசைக் கட்டுரைகளை விடாமல் வாசிப்பவன். கல்லூரி விடுதியில் பக்கத்து அறை நண்பன் வைத்திருந்த கேசட்டுகள் வழியாகத்தான் ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவும் பாடகர் பாப் டிலனும் எனக்கு அறிமுகம். இன்றும் கேட்கிறேன், இப்போது போனில்.

ஒரு சந்தேகம். எண்பதைத் தொட்டவர்களெல்லாம் இன்னும் புது ஆல்பம் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஸ்பாட்டிஃபையில் போய்ப் பார்த்தால் பழைய பாட்டுக்குக் கோடிக்கணக்கில் எண்ணிக்கை. புதுப் பாட்டு அதன் கீழே பாவமாக நிற்கிறது. ஸ்டோன்ஸின் 'ஹாக்னி டைமண்ட்ஸ்' கேட்டேன். குறை சொல்ல முடியாது. ஆனால் முடிந்ததும் கை தானாகப் பழைய பாட்டுக்குத்தான் போனது. பேரும் பணமும் வேண்டிய மட்டும் சம்பாதித்தாயிற்று, அப்புறம் எதற்கு இது? பேராசையா, அல்லது ஓய்வு பெறத் தெரியாததா? இறந்தவர்களின் குரலில்கூட ஏஐ வைத்துப் புதுப் பாட்டு விடுகிறார்களே, அதைப் பற்றியும் உங்கள் கருத்தை அறிய ஆவல்.

அன்புடன்,
ஆர்., கோவை

---

அன்புள்ள ஆர்.,

பேராசை என்ற குற்றச்சாட்டை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் கணக்கு அதற்கு நேர் எதிராக இருக்கிறது. இந்த வயதில் ஒரு ராக் பாடகருக்குப் பணம் வருவது இரண்டு வழிகளில். ஒன்று கச்சேரி, இன்னொன்று பழைய பாட்டு. டிலன் தான் எழுதிய பாடல்களின் உரிமை முழுவதையும் 2020 டிசம்பரில் யுனிவர்சல் நிறுவனத்துக்கு விற்றார். மறுவருடம் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் தன்னுடையதை சோனிக்கு விற்றபோது விலை 50 கோடி டாலர் அளவில் என்று செய்தி வந்தது. அவ்வளவு கொட்டிக் கொடுக்கக் காரணம் ஸ்ட்ரீமிங்தான். பழைய பாட்டு இப்போது மாதாமாதம் வாடகை வருகிற வீடு மாதிரி. புது ஆல்பமோ செலவு. ஸ்டூடியோ, தயாரிப்பாளர், விளம்பரம் எல்லாம் போட்டு எடுத்தாலும் ஒரு தடவை கேட்டால் வருவது ஒரு சென்ட்டில் சிறு பகுதி. பணம்தான் குறி என்றால் புதிதாக எழுதாமல் மேடையேறிப் பழையதைப் பாடிவிட்டுப் போவதே லாபம். லெனர்ட் கோஹன் தன் மேலாளரிடம் சேமிப்பையெல்லாம் பறிகொடுத்த பிறகு அதைத்தான் செய்தார். 2008-ல் எழுபது வயதைத் தாண்டி மறுபடி ஊர் ஊராகப் பாடக் கிளம்பினார்.

ஆகவே புதுப் பாட்டு என்பது இவர்கள் செய்யத் தேவையே இல்லாத ஒரே வேலை. அதனால்தான் எனக்கு அதில் அக்கறை.

நீங்கள் சொன்ன அந்தக் கை தானாகப் பழைய பாட்டுக்குப் போகிற விஷயத்துக்கு வருகிறேன். கேசட் காலத்தில் அது அவ்வளவு சுலபமில்லை. கடையில் முன்வரிசையில் இருப்பது புதுசு. ரேடியோவில் திரும்பத் திரும்பப் போடுவதும் புதுசு. பழையது ஸ்டாக் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் நண்பனிடம் கெஞ்ச வேண்டும். இன்று ஸ்டோன்ஸின் 1966-ன் 'பெயின்ட் இட் பிளாக்' பாட்டும் 2023-ன் 'ஆங்ரி' பாட்டும் ஒரே திரையில், ஒரே விலையில், விரல் தொடுகிற தூரத்தில் இருக்கின்றன. முன்னதை ஸ்பாட்டிஃபையில் மட்டும் 100 கோடி தடவைக்கு மேல் கேட்டிருக்கிறார்கள். அதிகம் கேட்டதைத்தான் ஆப் மேலே காட்டும், மேலே இருப்பதைத்தான் நாம் தொடுவோம், தொட்டதால் அது இன்னும் மேலே போகும். அமெரிக்காவில் இசை கேட்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல், வெளியாகி 18 மாதம் கடந்த பாடல்கள்தான். ஸ்டோன்ஸின் பாடகர், எண்பது வயது மிக் ஜாகருக்குப் போட்டி டெய்லர் ஸ்விஃப்ட் என்று நினைக்காதீர்கள். 'பெயின்ட் இட் பிளாக்' பாடியபோது ஜாகருக்கு வயது 22. அந்தப் பையன்தான் போட்டி.

இது ஸ்டோன்ஸுக்கே நன்றாகத் தெரியும் என்று நினைக்கிறேன். 'ஆங்ரி' பாட்டின் வீடியோவை ஒருமுறை பாருங்கள். சிட்னி ஸ்வீனி என்ற இளம் நடிகை திறந்த காரில் லாஸ் ஏஞ்சலஸின் சன்செட் சாலையில் போகிறார். வழி நெடுக விளம்பரப் பலகைகள். அவற்றில் ஸ்டோன்ஸ், ஆனால் பழைய ஸ்டோன்ஸ்: அறுபதுகளின் முடி, எழுபதுகளின் சட்டை, எண்பதுகளின் ஆட்டம். அந்தப் பழைய முகங்களின் வாயசைவில் புதுப் பாட்டு ஓடுகிறது. 18 வருடம் கழித்துச் சொந்தப் பாடல்களோடு ஒரு ஆல்பம் போடுகிற குழு, அதை அறிமுகப்படுத்தத் தன் இளமையைக் கடன் வாங்குகிறது. தந்திரமாக ரொம்பப் பிரமாதம். பார்த்து முடித்தபோது எனக்குக் கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது.

ஆல்பமும் அப்படித்தான். சுத்தமான ஒலி, பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி ஒரு பாட்டில் பாஸ் கிடார் வாசிக்கிறார், எல்டன் ஜான் பியானோ, லேடி காகா குரல். 2021-ல் காலமான சார்லி வாட்ஸின் டிரம்ஸ் இரண்டு பாட்டில் இருக்கிறது. பெரும்பகுதி, 22 வயதுப் பையனைத் துரத்தி ஓடுகிற பாட்டுகள். எண்பதில் அவ்வளவு வேகமாக ஓடுவதே சாதனைதான், ஆனால் அந்தப் பையனைப் பிடிக்க முடியாது. உங்கள் கை பழைய பாட்டுக்குப் போனதன் காரணம் இதுதான். கடைசிப் பாட்டு மட்டும் வேறு. மடி வாட்டர்ஸின் பழைய ப்ளூஸ் பாட்டு அது, குழு தன் பெயரை எடுத்ததே அதிலிருந்துதான். அதில் ஜாகரும் குழுவின் கிடார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸும் மட்டும். ஒரு கிடார், ஒரு ஹார்மோனிகா, குரல். யாரையும் துரத்தாமல் உட்கார்ந்து வாசிக்கிறார்கள். மூன்று நிமிடம்கூட இல்லை. எனக்கு மொத்த ஆல்பத்திலும் அது போதும்.

(விளம்பரம் பற்றி ஒரு வேடிக்கை. ஸ்பாட்டிஃபை பார்சிலோனா கால்பந்துக் குழுவின் ஸ்பான்சர். 2023 அக்டோபரில் ரியல் மாட்ரிட்டுடன் நடந்த ஆட்டத்தில் பார்சிலோனா வீரர்கள் ஸ்டோன்ஸின் நாக்குச் சின்னம் போட்ட ஜெர்சியில் இறங்கினார்கள். ஜாகரும் குழுவின் இன்னொரு கிடார் கலைஞர் ரோனி வுட்டும் நேரில் போய் உட்கார்ந்திருந்தார்கள். பார்சிலோனா தோற்றது. அடுத்த வருடம் அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு ஸ்பான்சர் யார் தெரியுமா? ஏஏஆர்பி. 50 வயது தாண்டியவர்களுக்கான சங்கம்.)

துரத்தாதவர்கள் என்று யோசித்தால் முதலில் டிலன். 2020 மார்ச் கடைசி, உலகமே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம். முன்னறிவிப்பு ஏதுமில்லாமல் ஒரு நள்ளிரவில் 'மர்டர் மோஸ்ட் ஃபவுல்' வெளியானது. கிட்டத்தட்ட 17 நிமிடம். ஸ்ட்ரீமிங்கில் 30 விநாடி ஓடினால் ஒரு கணக்கு, அதற்காகவே எல்லாரும் முன்னிசையைக் குறைத்துப் பல்லவியை முன்னால் இழுக்கிற காலம் இது. இந்த மனிதர் பியானோவும் வயலினும் மெல்ல அலைந்துகொண்டிருக்க, தாளம் என்று பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாமல், 1963-ல் டல்லாஸில் அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்ட கதையைப் பேசுவது போலப் பாடுகிறார். பாதிக்கு மேல் அது ஒரு ரேடியோ நேயர் விருப்பமாக மாறிவிடுகிறது. இதைப் போடு, அதைப் போடு என்று வுல்ஃப்மேன் ஜாக் என்ற பழைய ரேடியோ அறிவிப்பாளரிடம் கேட்டுக்கொண்டே போகிறார். ஜாஸ், ப்ளூஸ், சினிமா என்று ஒரு நூற்றாண்டு கடந்து போகிறது. கடைசியில் இந்தப் பாட்டையே போடச் சொல்லி முடிக்கிறார். இதை 24 வயது டிலனால் எழுதியிருக்க முடியாது. நினைவில் வைத்துக்கொள்ள அத்தனை பாட்டு அவரிடம் அப்போது இல்லை. 1965-ல் அவருடைய 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' அமெரிக்காவின் பில்போர்டு பாடல் தரவரிசையில் இரண்டாம் இடத்தோடு நின்றது. அவர் குரலிலேயே அவருக்கு பில்போர்டின் ஒரு பட்டியலில் முதலிடம் கிடைத்தது இந்தப் பாட்டுக்குத்தான். அதுவும் ராக் பாடல்களைக் காசு கொடுத்து டவுன்லோடு செய்தவர்களின் பட்டியலில்.

அந்த வருடம் வந்த 'ரஃப் அண்ட் ரவுடி வேஸ்' ஆல்பத்தை எடுத்துக்கொண்டு 2021 முதல் வருடக்கணக்காகச் சுற்றினார். கச்சேரியில் பாதியளவு அந்த ஆல்பம்தான். பெரிய ஹிட்டுகளுக்காக டிக்கெட் வாங்கியவர்கள் முணுமுணுத்திருப்பார்கள். வாசலிலேயே ரசிகர்களின் போனைப் பையில் போட்டுப் பூட்டிவிடுகிற ஏற்பாடு வேறு. ஆப்பில் பழைய டிலன் எப்படியும் இருக்கிறார், வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்வது போல எனக்குப் பட்டது. பிடிவாதம்தான். இந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது.

கோஹனின் 'யூ வாண்ட் இட் டார்க்கர்' 2016 அக்டோபரில் வந்தது. நவம்பர் 7 அன்று அவர் காலமானார். முதுகெலும்பு நொறுங்கி நடக்க முடியாத நிலையில், லாஸ் ஏஞ்சலஸ் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தபடி பாட, மகன் ஆடம் பதிவு செய்தார். குரல் கிணற்றின் ஆழத்திலிருந்து வருகிறது. பாட்டு என்பதைவிடச் சொல்கிறார் என்றே சொல்லலாம். பின்னால் கேட்கிற ஆண்களின் குழுப்பாடல், அவர் குடும்பம் தலைமுறைகளாகப் போய்க்கொண்டிருந்த மான்ட்ரியல் யூதக் கோயிலுடையது. இதோ இருக்கிறேன் என்று கடவுளிடம் எபிரேய மொழியில் ஒரு சொல் சொல்லி, நான் தயார் என்கிறார். அதை இளைஞன் ஒருவன் சொன்னால் நடிப்பு. பாடகர் டேவிட் போவி 'பிளாக்ஸ்டார்' ஆல்பத்தைத் தன் 69-ஆம் பிறந்த நாளன்று விட்டுவிட்டு இரண்டு நாளில் போனதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். அதைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள்.

ஆப்பை எதிர்த்து நிற்காமல் அதன் போக்கிலேயே விளையாடியவரும் உண்டு. பீட்டர் கேப்ரியல் 2023-ல் பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஒரு பாட்டு விட்டார். அமாவாசைக்கு அதே பாட்டு, வேறொருவர் மிக்ஸ் செய்த வடிவம். நம்மூர்க் காலண்டர் கையில் இருந்தவர்களுக்கு வசதி. 12 பௌர்ணமி, 12 பாட்டு, டிசம்பர் 1-ல் 'ஐ/ஓ' ஆல்பம். சொந்தப் பாடல்களோடு அவர் ஆல்பம் போட்டு அதற்குள் 21 வருடம் ஆகியிருந்தது. முழு ஆல்பத்தை ஒரே நாளில் கொட்டினால் ஒரே வாரத்தில் மறந்துவிடுகிற இடம் இது. மாதம் ஒன்றாகக் கொடுத்தால் ஒவ்வொன்றையும் நாலு வாரம் உட்கார்ந்து கேட்க வேறு வழியில்லை. டிசம்பரில் ஆல்பம் வந்தபோது எனக்கு எல்லாப் பாட்டும் பழகியிருந்தது. 'பிளேயிங் ஃபார் டைம்' என்ற பாட்டிலிருந்து தொடங்குங்கள்.

ஏஐ கேள்வி. நீங்கள் மனதில் வைத்தது பீட்டில்ஸின் 'நவ் அண்ட் தென்' என்றால், அது போலிக் குரல் கிடையாது. குழுவின் மறைந்த பாடகர் ஜான் லெனன் 70களின் இறுதியில் வீட்டில் பியானோ வாசித்துக்கொண்டே கேசட்டில் பாடி வைத்தது. 90களில் மற்ற மூவரும் முயன்று, ஒலி தரமில்லை என்று கைவிட்டார்கள். இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழு உருவாக்கிய மென்பொருள், பியானோவிலிருந்து குரலைத் தனியே பிரித்துக் கொடுத்தது. அந்த மூவரில் ஒருவரான ஹாரிசன் 1995-ல் வாசித்த கிடாரும் அதில் இருக்கிறது. தொழில்நுட்பத்தில் எனக்குக் குறையில்லை. பாட்டுத்தான் சுமார். 2023 நவம்பரில் அது பிரிட்டனில் முதலிடம் போனது பீட்டில்ஸ் என்ற பெயருக்காக. மெக்கார்ட்னி 2020-ல் ஊரடங்கில் வீட்டுக்குப் பக்கத்து ஸ்டூடியோவில் கிட்டத்தட்டத் தனியாகவே எல்லாக் கருவியும் வாசித்துப் போட்ட 'மெக்கார்ட்னி 3' அதைவிடப் பல மடங்கு மேல். அதைக் கேட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள்.

அன்புடன்.