கவனமில்லாமல் போட்ட ஒரு ட்வீட்டுக்காகக் கல்லூரி வீரரை அணியை விட்டே நீக்குவது நியாயமா?

நியாயமில்லை என்பதுதான் என் பதில். அதற்காகத் தண்டனையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அப்படி ஒரு பதிவில் கேலிக்கு ஆளானவள் நான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது முதலாண்டு மாணவர்களுக்குப் புள்ளியியல் எடுத்தேன். பருவம் தொடங்கியதும் விளையாட்டு மாணவர்கள் ஆளுக்கொரு கடிதத்தோடு வந்து நிற்பார்கள். எந்தெந்தத் தேதியில் வெளியூர்ப் போட்டி, எந்த வகுப்புக்கு வர முடியாது என்று அதில் இருக்கும். விடிவதற்கு முன்பே பயிற்சிக்குப் போய்விட்டு, முழங்காலில் ஐஸ் பையை வைத்து பிளாஸ்டிக் தாளால் சுற்றிக்கொண்டு கடைசி வரிசையில் உட்காருவார்கள். வகுப்பு முடிந்து பார்த்தால் நாற்காலிக்குக் கீழே தண்ணீர் தேங்கிக் கிடக்கும்.

அவர்களில் ஒரு பையன் மல்யுத்த வீரன். விழுந்து விழுந்து உராய்ந்ததில் காதுமடல் இரண்டும் தடித்துப்போயிருந்தன. ஒரு நாள் என் உச்சரிப்பைக் கேலி செய்து ட்வீட் போட்டான். நான் சொல்லும் இரண்டு மூன்று சொற்களை என் வாயில் வருகிற மாதிரியே எழுத்துக்கூட்டி, ‘இந்த அம்மா பேச்சுக்குக் கீழே சப்டைட்டில் ஓட்டினால் தேவலை’ என்று முடித்திருந்தான். சிரித்தவர்கள் எல்லோரும் என் வகுப்பில் உட்காருபவர்கள். மறுநாள் கரும்பலகைப் பக்கம் திரும்பி நிற்கும்போதெல்லாம் முதுகு கூசியது. சொற்களைத் தேடித் தேடிப் பேசினேன்.

யாரோ அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் பயிற்சியாளருக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வாரமே அவன் என் அறைக்கு வந்தான். மன்னிப்புக் கேட்டு முடித்தபின், ‘என் உதவித்தொகை போய்விடுமா?’ என்று கேட்டான். குரல் உடைந்தது. அவன் பயந்தது சும்மா இல்லை என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது. என்.சி.ஏ.ஏ. என்ற கல்லூரி விளையாட்டு அமைப்பின் விதிப்படி 1973 முதல் நெடுங்காலம் விளையாட்டு உதவித்தொகையை ஓராண்டுக்குத்தான் கொடுக்க முடிந்தது. ஆண்டுதோறும் அதைப் புதுப்பிப்பார்கள். 2012-இல்தான் பலவாண்டுகளுக்குச் சேர்த்துக் கொடுக்கவும் வழி வந்தது. அரசுப் பல்கலைக்கழகம் ஒரு மாணவன் பேசியதற்காக அவனைப் படிப்பிலிருந்தே நீக்குவது அங்கே சட்டப்படி சுலபமில்லை. அணியில் இருக்கும் இடம் அப்படியில்லை, அதைச் சலுகை என்றே பெரும்பாலும் பார்க்கிறார்கள். பயிற்சியாளர் நினைத்தால் ஆடவிடாமல் உட்கார வைத்துவிடலாம்.

இந்த மாதிரிச் சம்பவங்களில் இரண்டு எனக்கு எப்போதும் நினைவுக்கு வரும்.

2012 அக்டோபரில் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்க ஃபுட்பால் அணியில் மூன்றாம் நிலை குவார்ட்டர்பேக்காக (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) இருந்த கார்டேல் ஜோன்ஸ், ‘நாங்கள் ஃபுட்பால் ஆட வந்தோம், படிக்கவா வந்தோம், வகுப்பெல்லாம் வீண்’ என்ற பொருளில் ட்வீட் போட்டார். ஊரே சிரித்தது. தண்டனையாக ஒரு போட்டியில் மட்டும் ஆட விடவில்லை. 2014 சீசனில் அவருக்கு முன்னால் இருந்த இருவரும் காயம்பட்டுப் போக, இவர் களமிறங்கினார். விஸ்கான்சின் பல்கலைக்கழக அணியை 59-0, அலபாமாவை 42-35, கடைசியில் ஓரிகனை 42-20 என்று வென்று தேசியக் கோப்பையைத் தூக்கினார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது 2017 மே மாதம் நடந்தது. தொழில்முறை ஆட்டத்துக்குப் போன பிறகும் பாடங்களை முடித்துப் பட்டம் வாங்கினார். பட்டமளிப்புத் தொப்பியில் தன் பழைய ட்வீட்டையே எழுதி வைத்திருந்தார்.

இரண்டாவது சம்பவம் இதைவிடக் கனமானது. மோனே டேவிஸ் என்ற பிலடெல்ஃபியாச் சிறுமி 2014-இல், 13 வயதில், சிறார்களுக்கான லிட்டில் லீக் உலகத் தொடர் பேஸ்பாலில் எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் பந்து வீசி ஜெயித்தாள். அந்தத் தொடரில் அதைச் செய்த முதல் பெண் அவள். 2015 மார்ச்சில் அவளைப் பற்றிப் படம் எடுப்பதாக டிஸ்னி அறிவித்ததும், பென்சில்வேனியாவிலேயே ஒரு கல்லூரி பேஸ்பால் வீரர் அவளை ஒரு அசிங்கமான சொல்லால் திட்டி ட்வீட் போட்டார். உடனே அணியிலிருந்து நீக்கினார்கள். அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியது யார் தெரியுமா? மோனேயேதான். தவறு செய்யாதவர் யார், இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள் என்று கேட்டிருந்தாள். பல்கலைக்கழகம் அவளைப் பாராட்டிவிட்டு, இப்போதைக்கு அவர் அணிக்கு வெளியேதான் இருப்பார் என்று சொன்னது.

அங்கேதான் எனக்கு மனசு ஒப்பவில்லை. வகுப்பு வீண் என்பதும் ஒரு குழந்தையைத் திட்டுவதும் ஒன்றாகாது, சரி. இரண்டாவதற்கு ஒரு சீசன் முழுக்க வெளியே வைத்தாலும் தகும். ஆனால் காயம் யாருக்கு? அவளுக்கு. அவள் மன்னித்த பிறகும் கதவைச் சாத்தி வைத்தது, அவளுக்காக என்பதைவிடத் தங்கள் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது நிலைமை இன்னும் மாறிவிட்டது. 2021 ஜூலையிலிருந்து கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். இன்ஸ்டாகிராம் பதிவுக்கே பணம் வருகிறது. நிறையப் பதிவு போடு என்று பிள்ளைகளைத் தூண்டுகிற சூழல் இது. இதில் ஒன்று தவறிப் போனதும் தூக்கி எறிவது எப்படிச் சரியாகும்?

என் விஷயத்தில் பயிற்சியாளர் என்னை அழைத்து, என்ன செய்யலாம் என்று கேட்டார். அப்படிக் கேட்டதே எனக்குப் பெரிய ஆறுதல். நீக்க வேண்டாம், ஆனால் வகுப்பில் எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்ததால் அங்கேயே ஒரு வார்த்தை சொல்லட்டும் என்றேன். இரண்டு போட்டிகளுக்கு அவனை உட்கார வைத்தார்கள். அடுத்த திங்கட்கிழமை வகுப்பு தொடங்குமுன் எழுந்து நின்றான். தடித்த காதுமடல் சிவந்துபோக, நாலே வரி பேசிவிட்டு உட்கார்ந்தான். நான் பாடத்தைத் தொடங்கினேன். அன்றைக்கு என் சொற்கள் தானாக வந்தன.