தூக்கப் பரிசோதனை: யாருக்கு எத்தனை எலக்ட்ரோடு?

கேள்வி: குரோம்பேட்டையில் புதிதாகத் தொடங்கிய ஸ்லீப் லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன். வருகிற எல்லோருக்கும் ஒரே மாதிரி எலக்ட்ரோடு (உடலின் மின்சைகையைப் பிடிக்கும் சிறு உலோக முனை) வைத்தால் போதுமா? தலையில் வைக்கும் கிண்ண வடிவ எலக்ட்ரோடுகள், அதாவது கப்கள், விடிவதற்குள் பாதி கழன்றுவிடுகின்றன. ஒட்டும் வகைக்கு மாறலாமா?

பதில்: முதலில் டாக்டரின் சீட்டைப் பாருங்கள். குறட்டை, மூச்சடைப்பு என்று மட்டும் இருந்தால் வழக்கமான அமைப்பே போதும். தலையின் வலப்பக்கத்தில் முன்னால் எஃப்4, நடுவில் சி4, பின்னால் ஓ2. மூன்றுக்கும் ஒப்பீடு இடது காதுக்குப் பின்னுள்ள எம்1. எதிர்ப்பக்கத்து எஃப்3, சி3, ஓ1, எம்2 நான்கையும் சோம்பல்படாமல் ஒட்டிவிடுங்கள். அவை ஸ்டெப்னி மாதிரி. இரவு 2 மணிக்கு எம்1 கழன்றால் ஆளை எழுப்பாமலே அந்தப் பக்கம் மாறிக்கொள்ளலாம். கண்ணுக்கு இரண்டு, தாடைக்கு மூன்று, இரு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே முன்புறத் தசையில் இரண்டிரண்டு, ஈசிஜிக்கு இரண்டு.

"தூக்கத்தில் கத்துகிறார், பக்கத்தில் படுத்தவரை அடிக்கிறார்" என்று சீட்டு வந்தால் கணக்கே வேறு. கனவு வரும் ரெம் உறக்கத்தில் தசைகள் துவண்டு கிடக்க வேண்டும். துவளவில்லை என்று காட்டத் தாடை ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். இரு முன்கைகளிலும் விரலை மடக்கும் தசைமேல் வையுங்கள். வீடியோ கட்டாயம். இரவு வலிப்பு சந்தேகம் என்றால் 10-20 முறைப்படி (தலையை 10, 20 சதவீத இடைவெளிகளில் அளந்து இடம் குறிக்கும் முறை) காதுக்கு மேலுள்ள பொட்டுப்பகுதி உட்பட முழுத்தலைக்கும். பல்லை நறநறக்கிறவருக்குக் கன்னத்து மெல்லும் தசையையும் சேருங்கள்.

ஒட்டும் வகையை முகம், கால், மார்புக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். முடிக்குள் அது நிற்காது. தலைக்குத் தங்கமுலாம் கப்தான் என் தேர்வு. ஒரே தலையில் தங்கத்தையும் வெள்ளியையும் மட்டும் கலக்காதீர்கள். உலோகம் மாறினால் திரையில் ஓடும் கோடு ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போகும்.

அப்புறம், கப் கழல்வதற்குக் கப்பைத் திட்டிப் பயனில்லை. நம் ஊரில் பெரும்பாலும் குற்றவாளி தேங்காயெண்ணெய். தேதி கொடுக்கும்போதே போனில் சொல்லிவிடுங்கள்: அன்றைக்குத் தலைக்குக் குளித்துவிட்டு வரவேண்டும், எண்ணெய் கூடாது, இறுகப் பின்னக் கூடாது. (மல்லிகைப் பூவோடு வந்து நின்றால் கோபிக்காதீர்கள், எடுத்து வைக்க ஒரு கிண்ணம் கொடுங்கள்.) வகிடெடுத்து, தோலைத் தேய்ப்பு ஜெல்லால் துடைத்து, பேஸ்ட் வைத்துக் கப்பை ஒட்டி, மேலே பஞ்சுத்துணி, டேப். பிறகு மின்தடை 5 கிலோ ஓமுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு தொல்லை வியர்வை. அது தரும் மெதுவான ஏற்ற இறக்கம் ஆழ்ந்த உறக்கத்தின் 0.5 முதல் 2 ஹெர்ட்ஸ் அலையை அப்படியே நடிக்கும். கோட்டை அழகாக்க, மெதுவான அலைகளை வடிகட்டும் ஃபில்டரை 1 ஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் உண்மையான ஆழ்ந்த உறக்க அலையும் தேய்ந்துபோகும். ஃபில்டரை 0.3இலேயே விட்டு, அறையைக் குளிர வையுங்கள், போர்வையைத் தளர்த்துங்கள்.

விளக்கை அணைக்குமுன் கண்ணை இடவலம் ஓட்டச் சொல்லி, பல்லைக் கடிக்கச் சொல்லி, பாதத்தை மேலே மடக்கச் சொல்லி ஒவ்வொரு சேனலும் அசைகிறதா என்று பாருங்கள். காலையில் கழற்றுமுன் இன்னொரு தடவை.