கறுத்துப்போன சிஃபான் பாத்திரம்: சோடாவா, புளியா?

சிங்கப்பூர் தெம்பனிஸிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "பல வருடமாகப் பாண்டான் சிஃபான் கேக் செய்யும் அலுமினியப் பாத்திரம் ஒன்று வைத்திருக்கிறேன். நடுவில் குழாய், கழற்றக்கூடிய அடித்தட்டு. போன தீபாவளிக்குப் பிள்ளைகள் பாத்திரம் கழுவும் இயந்திரம் வாங்கித் தந்தார்கள். ஆசையாக அதில் போட்டேன். எடுத்துப் பார்த்தால் கன்னங்கரேலென்று இருக்கிறது. தொட்டால் விரலில் சாம்பல் மாதிரி ஒட்டுகிறது. ஆப்ப சோடா போட்டுக் கொதிக்க வைத்தேன், இன்னும் கறுத்துவிட்டது. தூக்கிப் போட்டுவிடலாமா?"

வேண்டாம். பாத்திரம் பிழைக்கும். தீய்ந்த எண்ணெய்க்கு உரிய வைத்தியத்தை உலோகத்தின் கறுப்புக்குச் செய்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

அலுமினியம் காற்றுப் பட்டதுமே தன்மேல் ஓர் ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்ளும். சில நானோமீட்டர் கனம்தான், ஆனால் உலோகத்தைக் காப்பது அதுதான். கழுவும் தண்ணீரின் பிஎச் அளவு (7 நடுநிலை, குறைந்தால் அமிலம், கூடினால் காரம்) சுமார் 4.5க்கும் 8.5க்கும் இடையில் இருக்கும்வரை படலத்துக்கு ஆபத்தில்லை. இயந்திரத்தில் போடும் மாத்திரை பிஎச் 10ஐத் தாண்டும் காரம். 50 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை சூடான வெந்நீரில் அது நெடுநேரம் சுழலும்போது படலம் அரிக்கப்பட்டு, கறுப்பும் சாம்பலுமான வேறொரு பூச்சு ஏறிவிடும். உங்கள் விரலில் ஒட்டுவது அதுதான்.

ஆப்ப சோடா ஏன் காலைவாரியது என்றால், பச்சைத் தண்ணீரில் அது 8.3 அளவிலேயே நிற்கும் சாது. கொதிக்க வைத்தால் கரியமில வாயு வெளியேறி, கொஞ்சம் கொஞ்சமாக, அதைவிடக் கடுமையான காரமான சலவை சோடாவாக மாறும். மாத்திரை செய்த வேலையையே நீங்கள் அடுப்பில் வைத்துத் தொடர்ந்திருக்கிறீர்கள்.

காரம் செய்ததை அமிலம்தான் எடுக்கும். நல்ல வேளை, மருந்து உங்கள் வீட்டிலேயே இருக்கும். முட்டை வெள்ளைக்கருவை அடிக்கும்போது அரைத் தேக்கரண்டி போடுவீர்களே, அந்த கிரீம் ஆஃப் டார்ட்டர் என்ற அமிலத் தூள். (வெள்ளைக்கருவும் காரம்தான். அலுமினியக் கிண்ணத்தில் அடித்தால் சாம்பல் நிறம் ஏறுவது அதனால்தான்.) சாதாரணப் பாத்திரமாக இருந்தால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 மேசைக்கரண்டி வீதம் அதற்குள்ளேயே ஊற்றிப் பத்து நிமிடம் கொதிக்க வைக்கச் சொல்லிவிடுவேன். உங்களுடையது அடித்தட்டு கழலும் வகை, ஒழுகும். அதனால் இரண்டையும் கழற்றி, பெரிய எவர்சில்வர் பானையில் அதே கரைசலில் முழுக வைத்துக் கொதிக்க விடுங்கள். பானை போதவில்லையென்றால் தூளைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துப் பூசி, பத்து நிமிடம் கழித்து ஸ்பாஞ்சால் தேயுங்கள். குழாய்க்குள் பழைய பல்துலக்கியை விட்டுத் தேய்த்தால் போதும்.

அது கைவசம் இல்லையா? புளி இருக்கும். குத்துவிளக்கைப் புளியால் துலக்கி வளர்ந்தவர்கள் நாம். கிரீம் ஆஃப் டார்ட்டரும் புளியின் டார்டாரிக் அமிலமும் ஒரே குடும்பம். எலுமிச்சையும் வினிகரும்கூட வேலை செய்யும். உப்பு மட்டும் சேர்க்க வேண்டாம். ஈரத்தோடு கிடந்தால் அலுமினியத்தில் ஊசிக்குத்துப் போலக் குழி விழும். அமிலத்தில் இரவு முழுக்க ஊற வைப்பதும் கூடாது. வேலை முடிந்ததும் நன்றாக அலசிவிடுங்கள்.

வினிகரையும் சோடாவையும் சேர்த்து ஊற்றும் வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். நுரை பார்க்க அழகு. ஆனால் ஒன்றை ஒன்று தணித்துக்கொண்டு, கடைசியில் மிஞ்சுவது ஏறக்குறைய வெறும் தண்ணீர்.

சரி, ஆப்ப சோடா எதற்குத்தான்? பழுப்பு நிறத்தில் பிசின் போல ஒட்டியிருக்கும் கறைக்கு. அது சூட்டில் இறுகிப்போன எண்ணெய். பைனாப்பிள் டார்ட் சுடும் தட்டின் ஓரங்களில் பார்க்கலாம். அதற்கு அமிலம் உதவாது. சோடாவைப் பச்சைத் தண்ணீரில் குழைத்துப் பூசி, கால் மணி நேரத்தில் தேய்த்து அலசுங்கள். லேசான பழுப்பு மிஞ்சினால் நான் விட்டுவிடுவேன். தட்டு கறுத்தால் வெப்பத்தை அதிகம் இழுக்கும், பிஸ்கட்டின் அடி சீக்கிரம் சிவக்கும், அவ்வளவுதான்; இரண்டு நிமிடம் முன்னதாக எட்டிப் பாருங்கள்.

சிஃபான் பாத்திரத்துக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. மாவு வெறும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் மேலேறும். சுட்டதும் தலைகீழாகக் கவிழ்த்து ஆறவிடும்போதும் அந்தப் பிடிதான் கேக்கைத் தாங்குகிறது. எண்ணெய்ப் பசை இருந்தால் வழுக்கி அமுங்கிவிடும். எண்ணெய் தடவக் கூடாது என்பதும், நான்ஸ்டிக் பூச்சு வேண்டாம் என்பதும் இதற்காகத்தான். ஆகவே ஒவ்வொரு முறையும் வெந்நீரும் சாதாரணக் கழுவு திரவமும் போட்டு அரை மணி நேரம் ஊறவைத்து, மென்மையான பிரஷால் துகள்களை எடுங்கள். கம்பி நார் வேண்டாம், கீறலில் அடுத்த கேக் அளவுக்கு மீறி ஒட்டிக்கொள்ளும். ஓவன் துப்புரவுத் திரவம் பக்கத்திலேயே வரக் கூடாது: அதில் காஸ்டிக் சோடா இருந்தால் அலுமினியத்தையே கரைத்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். குளோரின் பிளீச்சும் வேண்டாம்.

இன்னொன்று. உங்கள் பாத்திரம் அனோடைஸ் செய்ததாக இருந்தால், அதாவது வாங்கும்போதே மங்கலான சீரான பூச்சோடு வந்திருந்தால், புளியும் வேண்டாம் சோடாவும் வேண்டாம். இரண்டுமே அந்தப் பூச்சைத் தின்றுவிடும். கழுவு திரவம் மட்டும் போதும்.

உடம்புக்கு ஆகுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். ஒட்டும் கறுப்பைத் துடைத்து எடுத்துவிட்டால் கேக் சுடப் பயப்பட வேண்டியதில்லை. அலுமினியம் அதிகம் இறங்குவது புளிப்பான உணவு அதில் நெடுநேரம் கிடக்கும்போதுதான். அதனால் புளி சேர்த்த அசாம் மீனை அலுமினியத் தட்டில் சுட்டு, மிச்சத்தை அதோடேயே குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டாம்.

அப்புறம், கழுவியதும் துணியால் துடைத்து, அணைத்த ஓவனின் மிச்சச் சூட்டில் பத்து நிமிடம் வையுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் தானாகக் காயட்டும் என்று விட்டால் அடித்தட்டின் விளிம்பில் தண்ணீர் தங்கிவிடும்.