டீமில் புதிதாக வந்தவரோடு கோடிங் விதித் தகராறு: மகள் வேலையை விடலாமா?

திருச்சியிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு வணக்கம்.

மகள் சென்னையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது, இதுவரை நல்ல பெயர் எடுத்திருக்கிறார் என்கிறீர்கள். இப்போது டீமில் அனுபவசாலி ஒருவர் புதிதாக வந்திருக்கிறார். அன்றிலிருந்து கோடில், அதாவது கம்ப்யூட்டர் நிரலில், பெயர்களை எப்படி எழுதுவது என்று தினமும் வாக்குவாதம், ராஜினாமா பேச்சு. "அடிக்கோடு போடலாமா கூடாதா என்பதற்கெல்லாம் ஒரு வேலையை விடுவார்களா?" என்று கேட்கிறீர்கள்.

விட வேண்டாம். ஆனால் மகளிடம் "இதெல்லாம் ஒரு விஷயமா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இது பெரிய விஷயம்தான். மென்பொருள் வேலையில் ஒருவர் எழுதிய கோடை இன்னொருவர் படித்து "சரி" என்று சொன்ன பிறகுதான் அது உள்ளே போகும். அந்த ரிவ்யூவில் ஒருவர் விடாமல் மறித்துக்கொண்டே இருந்தால் வேலை தேங்கும். அப்ரைசல் நேரத்தில் அந்தத் தேக்கம் மகளுடைய பெயரில்தான் தெரியும். அவருக்கு வருத்தம் வருவது நியாயம்.

இனி மகளுக்கே எழுதுகிறேன், அவரிடம் காட்டுங்கள்.

உங்கள் டீம் பைத்தான் என்ற நிரல் மொழியில் எழுதுகிறது, வந்தவர் பல வருடம் ஜாவா என்ற இன்னொரு மொழியில் இருந்தவர். ஜாவாவில் ஒரு ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் பகுதி) பெயரை ஒட்டி எழுதி, நடுவில் வரும் சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்குவார்கள். பைத்தானில் எல்லாம் சின்ன எழுத்து, சொற்களுக்கு நடுவே அடிக்கோடு (_). அவர் தன் பழக்கத்தில் எழுதுகிறார், உங்களையும் அப்படி எழுதச் சொல்கிறார். பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராசம் உள்ளிட்டோர் எழுதி 2001-இல் வந்த பெப் 8 விதித்தொகுப்பு உங்கள் பக்கம்தான் இருக்கிறது. ஆனால் அதை எடுத்து அவர் முன்னால் நீட்டுவதற்கு முன் முழுதாக ஒருமுறை படியுங்கள். ஒரு புராஜெக்டுக்கென்று தனி விதி இருந்தால் அதுதான் மேலே என்று அதிலேயே எழுதியிருக்கிறது. பைத்தானோடு வரும் லாக்கிங், யூனிட்டெஸ்ட் என்ற தயார் நிரல் தொகுப்புகள் இரண்டிலும் இன்றைக்கும் ஜாவா பாணிப் பெயர்கள்தான். ஆகவே அவர் எழுதுவது அபத்தம் அல்ல, உங்கள் டீம் வழக்கத்துக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துப் பேசினாலே குரல் தானாக இறங்கிவிடும்.

அப்புறம் ஒரு கேள்வி. உங்கள் டீமின் விதி எங்கே எழுதப்பட்டிருக்கிறது? பெரும்பாலும் எங்கேயும் இருக்காது. பழையவர்களுக்குப் பழக்கத்தில் தெரியும், புதிதாக வருகிறவர் ஒவ்வொரு ரிவ்யூவிலும் அடி வாங்கித் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த மாதிரிச் சண்டைகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். எழுதாத விதியை ஒருவர் மீறினார் என்று குற்றம் சொல்ல முடியாது. ஒரு பக்கம் போதும். பெயர் எப்படி வைப்பது, ஒரு வரி எவ்வளவு நீளம் போகலாம், பிழைகளை எப்படிக் கையாள்வது என்று எழுதி, அவரையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசி முடியுங்கள். முதல் வரைவை அவரிடமே கேட்டுப் பாருங்கள். தான் எழுதிய விதியைத் தானே மீறுகிறவர்கள் குறைவு. அவர் சொல்வதில் உங்களுடையதைவிட நல்லதும் இருக்கலாம். வெளியிலிருந்து வந்தவர் "ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?" என்று கேட்கும்போது, காரணமே இல்லாமல் தொடர்கிற சில வழக்கங்கள் வெளியே வரும். அவற்றை விட்டுக்கொடுங்கள்.

இடைவெளி, வரி நீளம், மேற்கோள் குறி போன்றவற்றை மனிதர்கள் பேசித் தீர்க்கவே வேண்டாம். பைத்தானுக்கு 2018-இல் வந்த பிளாக் என்ற ஃபார்மேட்டர் இருக்கிறது. பெப் 8 ஒரு வரிக்குச் சொல்லும் 79 எழுத்தையும் தாண்டி அது 88 எழுத்து என்று தானாக ஒரு அளவை வைத்துக்கொண்டு எல்லாருடைய கோடையும் ஒரே மாதிரி அடுக்கிவிடும். யாருக்கும் முழுத் திருப்தி இருக்காது, ஆனால் யார் மேலும் கோபமும் வராது. பெயர்களை அது மாற்றாது. அதற்கு லின்டரில், அதாவது கோடில் விதிமீறலைத் தேடிச் சொல்லும் கருவியில், விதி போட்டால், கோடை அனுப்பும்போதே பிழை காட்டும். "நீ தப்பு" என்று சக ஊழியர் சொல்வதைவிட ஒரு கருவி சொல்வதை மனசு எளிதாக எடுத்துக்கொள்ளும்.

உங்கள் ஃபைல் ஒன்றை அவர் முழுவதுமாகத் தன் பாணிக்கு மாற்றிவிட்டார் என்பதுதான் உங்களுக்கு அதிகம் வலித்திருக்கிறது. இதில் நீங்கள் உறுதியாக நிற்கலாம். பாணி மாற்றமும் உண்மையான திருத்தமும் ஒரே கமிட்டில், அதாவது ஒரே தடவையாகப் பதிவு செய்யும் மாற்றத்தில், கலந்தால், ரிவ்யூ செய்கிறவர் கண்ணுக்குத் திருத்தம் தெரியாமலே போய்விடும். பாணியை மாற்றுவதென்றால் அது தனி கமிட்டாக, டீமுக்குச் சொல்லிவிட்டு, ஒரே முறை நடக்க வேண்டும். கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற மென்பொருளில், 2019-இல் வந்த 2.23 பதிப்பு முதல், அப்படிப்பட்ட கமிட்டை, ஒவ்வொரு வரியையும் யார் மாற்றினார் என்று காட்டும் பிளேம் பட்டியலிலிருந்து ஒதுக்கி வைக்க வசதி இருக்கிறது. அதனால் எந்த வரியை யார், எதற்காக எழுதினார்கள் என்ற வரலாறும் தொலையாது. இதை அவரிடம் கோபமாகச் சொல்லத் தேவையே இல்லை, தொழில் தெரிந்தவருக்கு உடனே புரியும்.

எல்லா விதியும் அழகுக்காக என்று நினைத்துவிடாதீர்கள். 2014 பிப்ரவரியில் ஆப்பிள் ஒரு பாதுகாப்பு ஓட்டையை அவசரமாக அடைத்தது. 'கோட்டூ ஃபெயில்' என்ற ஒரு வரி தவறுதலாக இரண்டு முறை இருந்தது. அடைப்புக்குறி போடாமல் எழுதிய இஃப் (நிபந்தனை) என்பதால் அதற்குள் அடங்காத இரண்டாவது வரி எப்போதும் ஓடியது, பாதுகாப்பான இணைப்பில் எதிர்முனை உண்மையானதுதானா என்று பார்க்கும் கட்டமே நடக்காமல் போனது. இப்படி ஆபத்தைத் தடுக்கும் விதி ஒன்றுக்காக அவர் வாதாடினால் கேளுங்கள், நீங்களும் வாதாடுங்கள். வெறும் ரசனை என்றால், டீம் எடுத்த முடிவு உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் ஏற்றுக்கொண்டு போய்விடுங்கள்.

பேசும் முறை பற்றி. ரிவ்யூ கமெண்டில் மூன்று பதிலுக்கு மேல் போனால் அங்கே நிறுத்திவிட்டு நேரில் போங்கள், இல்லையென்றால் ஒரு கால் போடுங்கள். எழுத்தில் சாதாரண வாக்கியம்கூடக் கடுகடுப்பாகத் தெரியும், டீம் முழுக்க அதைப் படிக்கவும் செய்யும். "இந்தப் பெயர் தப்பு" என்பதற்குப் பதில் "இந்த ஃபைலில் மற்றதெல்லாம் அடிக்கோட்டோடு இருக்கிறது, இதையும் அப்படியே வைத்துக்கொள்ளலாமா?" என்று கேளுங்கள். அவர் மூத்தவர் என்பதால் வாயை மூடிக்கொள்ளவும் வேண்டாம்.

இவ்வளவும் செய்த பிறகும் மாற்றம் இல்லையென்றால் டீம் லீடிடம் போகலாம். புகாராக வேண்டாம். எந்தெந்த ரிவ்யூ எத்தனை நாள் நின்றது, எதற்காக நின்றது என்ற குறிப்போடு, "இதில் ஒரு முடிவு எடுத்துக் கொடுங்கள்" என்று கேளுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மற்றவர்கள் கோடில் அவர் கண்டுகொள்ளாத அதே விஷயம் உங்கள் கோடில் மட்டும் தப்பாகிறதா? எல்லார் முன்னாலும் உங்களை மட்டம் தட்டுகிறாரா? அப்படியென்றால் பிரச்சினை கோடிங் விதியில் இல்லை. அது நடத்தை சம்பந்தப்பட்டது. அதைத் தேதியோடு எழுதி வைத்து மேலாளரிடமும் ஹெச்.ஆரிடமும் கொண்டு போக உங்களுக்கு முழு உரிமை உண்டு. அங்கேயும் கேட்க ஆளில்லை என்றால் வேறு வேலை தேடுவதில் தவறே இல்லை. கையில் புது ஆஃபர் வந்த பிறகு ராஜினாமா கொடுங்கள்.

அம்மா, உங்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த டீம் லீடின் நம்பரைக் கண்டுபிடித்துப் பேசட்டுமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். அது மகளுடைய நிலையை இன்னும் பலவீனமாக்கும். இந்த வாரம் அவர் ஊருக்கு வரும்போது, விதி ஒரு பக்கமாக எழுதப்பட்டதா, புதியவர் என்ன சொன்னார் என்று மட்டும் கேளுங்கள். மகள் சொல்வதை முடிக்கும் வரை குறுக்கே பேசாமல் கேளுங்கள்.